இழைகள் இணைந்த வலை

நுழையும்முன்

விரல் நுனியால் தொட்டவுடன் செய்தி சென்று சேர்கிறது. அது சென்ற வழி கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்வழியில் செப்புக் கம்பியும் கண்ணாடி இழையும் வானலையும் இருக்கின்றன, ஆழ்கடலும் இருக்கிறது. வழிநெடுகச் சிறு சிறு கருவிகள் காவலர்போல் நின்று, வருவதை வாங்கி, முகவரி பார்த்து, அடுத்தவரிடம் ஒப்படைக்கின்றன. கணினி வலையமைப்பின் அடிப்படைகளையும் அதன் வன்பொருள் உறுப்புகளையும், அந்தமானிலிருந்து சென்னைக்குப் பயணம் செய்யும் ஒரு நிழற்படத்தின் வழியே விளக்குகிறது இப்பாடம்.

தீவும் கரையும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தாக்கியபோது, உயிரிழப்புகளோடு இன்னோர் இழப்பும் நேர்ந்தது. தொலைத்தொடர்பு பல தீவுகளில் அற்றுப்போனது. யார் பிழைத்தார், எங்கே உதவி தேவை என்பதை அறிய வழியின்றிப் போயிற்று. அவ்வேளையில் போர்ட் பிளேரில் இருந்த அமெச்சூர் வானொலியாளர்கள் தம் சிறிய கருவிகளைக்கொண்டு தீவுகளின் செய்திகளைக் கரைக்குக் கொண்டுசேர்த்தனர். செய்தித்தொடர்பு என்பது வசதி மட்டுமன்று, உயிர்காக்கும் தேவையும் ஆகும் என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே நேர்த்தொலைவு ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். இடையில் இருப்பது வங்கக் கடல். நெடுங்காலம் இத்தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. 2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட கடலடி ஒளியிழை வடத் திட்டம் நிறைவடைந்து, 2020 ஆகஸ்ட் 10 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வடம் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட தீவுகளுக்கும் செல்கிறது. போர்ட் பிளேர் 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

அந்நகரின் பள்ளி ஒன்றில் பயிலும் மாணவி, தான் எடுத்த பவளப்பாறையின் நிழற்படத்தைச் சென்னையிலுள்ள தன் தோழிக்கு அனுப்புகிறாள் எனக் கொள்க. அவள் பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து, அப்படம் தோழியின் திரையில் தோன்றும் கணம்வரை நிகழ்வன யாவை? அவற்றை அறிவதே கணினி வலையமைப்பை அறிவதாகும்.

வலையமைப்பு என்பது யாது?

இரண்டோ அதற்கு மேற்பட்டோ உள்ள கணினிகள், தகவலையும் வளங்களையும் பகிர்ந்துகொள்ளும் வகையில் இணைக்கப்பட்டிருப்பின் அதனைக் கணினி வலையமைப்பு என்பர். வலையில் இணைந்துள்ள கணினி, அச்சுப்பொறி, கைப்பேசி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கணு ஆகும். மீன்வலையில் நூல்கள் சந்திக்கும் இடத்தில் முடிச்சு இருப்பதுபோல, இணைப்புகள் சந்திக்கும் இடத்தில் கணு இருக்கிறது.

ஒரு பள்ளி, ஓர் அலுவலகம் எனக் குறுகிய இடத்துக்குள் அமைவது குறும்பரப்பு வலையமைப்பு. நகரங்களையும் நாடுகளையும் கடந்து விரிவது விரிபரப்பு வலையமைப்பு. உலகெங்கும் உள்ள இத்தகைய வலையமைப்புகள் பல ஒன்றோடொன்று இணைந்து உருவான வலையமைப்புகளின் வலையமைப்பே இணையம். அதற்குத் தனியொரு தலைமைக் கணினி கிடையாது.

கருவிகளை இணைத்துவிட்டால் மட்டும் வலையமைப்பு உருவாகிவிடாது. வெவ்வேறு மொழி பேசும் இருவரைத் தொலைபேசியில் இணைத்தாலும் உரையாடல் நிகழாது. எந்த வடிவில் அனுப்புவது, எந்த வரிசையில் அனுப்புவது, பெற்றதை எவ்வாறு உறுதிசெய்வது என்பவற்றில் இரு கணினிகளும் உடன்பட்டிருத்தல் வேண்டும். இவ்வுடன்பாட்டு விதிகளின் தொகுப்பு நெறிமுறை எனப்படும். வன்பொருள் வலையமைப்பின் உடல் என்றால், நெறிமுறை அதன் உயிர்.

துண்டாடப்படும் செய்தி

மாணவியின் நிழற்படம் 30 இலட்சம் பைட் அளவுடையது எனக் கொள்வோம். அது முழுதாக ஒரே மூச்சில் அனுப்பப்படுவதில்லை. குறும்பரப்பு வலையமைப்பில் பெரிதும் வழங்கும் ஈதர்நெட் நெறிமுறையின்படி, ஒரு முறைக்கு 1,500 பைட் அளவே பொதுவாக எடுத்துச்செல்லப்படும். எனவே, அப்படம் ஏறத்தாழ 2,000 துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டின் முன்னும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் ஆகியன சேர்க்கப்படுகின்றன. இவ்வாறு முகவரி தாங்கிய தரவுத்துண்டைத் தரவுப் பொதி என்பர்.

செய்தியை ஏன் துண்டாட வேண்டும்? பழைய தொலைபேசி முறையில், இருவர் பேசி முடிக்கும்வரை அவர்களுக்கிடையே ஒரு வழி தனியே ஒதுக்கப்பட்டிருக்கும். அவர்கள் பேசாமல் இருக்கும் நொடிகளிலும் அவ்வழியைப் பிறர் பயன்படுத்த இயலாது. வழியில் ஓரிடம் முறிந்தால் உரையாடலும் அறுந்துவிடும். பொதிகளாகப் பிரித்தாலோ, ஒரே கம்பியில் பலருடைய பொதிகள் மாறிமாறிச் செல்லலாம். ஒரு வழி அடைபட்டால் எஞ்சிய பொதிகள் வேறு வழியில் செல்லலாம். ஒரு பொதி தொலைந்தால், அதனை மட்டும் மீண்டும் அனுப்பினால் போதும்.

இக்கருத்தை இருவர் தனித்தனியே கண்டறிந்தனர். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பால் பேரன், அணு ஆயுதத் தாக்குதலில் சில பகுதிகள் அழிந்தாலும் எஞ்சியவை இயங்கக்கூடிய தொடர்பு முறையைத் தேடினார். 1964இல் தம் ஆய்வுகளை வெளியிட்டார். இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த டொனால்டு டேவிஸ், கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதற்கான வழியைத் தேடி 1965இல் இதே முடிவை அடைந்தார். தரவுத்துண்டுக்குப் ‘பாக்கெட்’ எனப் பெயரிட்டவர் அவரே. ஒருவர் அழிவை எண்ணியும் மற்றவர் சிக்கனத்தை எண்ணியும் சென்று ஒரே விடையைக் கண்டமை குறிப்பிடத்தக்கது.

வாயிலில் நிற்கும் அட்டை

கணினியிலிருந்து பொதிகள் வெளியேறும் வாயில் வலையமைப்பு அட்டை ஆகும். கணினிக்குள் 0, 1 என்னும் எண்களாக இருப்பவற்றை, கம்பியில் செல்லத்தக்க மின்குறிப்புகளாகவோ காற்றில் செல்லத்தக்க வானலைகளாகவோ மாற்றுவது அதன் பணி. எதிர்முனையில் இருந்து வருவனவற்றை மீண்டும் எண்களாக மாற்றுவதும் அதுவே. முற்காலத்தில் தனி அட்டையாகப் பொருத்தப்பட்ட இவ்வுறுப்பு, இன்று பெரும்பாலான கணினிகளில் தாய்ப்பலகையிலேயே அமைந்துள்ளது. கைப்பேசியில் அது ஒரு சில்லின் பகுதியாக அடங்கிவிட்டது.

ஒவ்வொரு வலையமைப்பு அட்டைக்கும் தயாரிப்பின்போதே 48 பிட் நீளமுள்ள எண் ஒன்று வழங்கப்படுகிறது. இதனை மேக் முகவரி என்பர். இதன் முற்பாதி தயாரிப்பாளரையும் பிற்பாதி குறிப்பிட்ட அட்டையையும் சுட்டும். ஒரே அறையில் ஐம்பது கணினிகள் இருந்தாலும், எப்பொதி எக்கணினிக்கு உரியது என்பதை இம்முகவரி பிரித்தறியச் செய்கிறது.

கம்பி, கண்ணாடி, காற்று

அட்டையிலிருந்து வெளிப்படும் குறிப்புகளை எடுத்துச்செல்லும் பொருள் ஊடகம் எனப்படும். அது மூவகைப்படும்.

முதலாவது செப்புக் கம்பி. பள்ளி ஆய்வகங்களில் காணப்படும் வலையமைப்பு வடத்தை வெட்டிப் பார்த்தால், உள்ளே எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். இம்முறுக்கு அழகுக்காக அமைந்தது அன்று. அருகிலுள்ள மின்கம்பிகளும் கருவிகளும் ஏற்படுத்தும் மின்னிரைச்சல் வடத்தினுள் புகும். இரு கம்பிகளும் முறுக்கிக் கிடப்பதால், இரைச்சல் இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்கும். பெறும் கருவி இரு கம்பிகளுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே கணக்கிடுகிறது. இரண்டிலும் ஒரே அளவாகப் புகுந்த இரைச்சல், கழித்தலில் மறைந்துவிடுகிறது. தொலைபேசியை உருவாக்கிய அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற இவ்வுத்தி இன்றும் பயன்படுகிறது. எனினும், மின்குறிப்பு செல்லச் செல்ல வலுவிழக்கும். ஆகவே, இவ்வகை வடத்தின் நீளம் 100 மீட்டருக்குள் இருத்தல் வேண்டும் என வரையறுத்துள்ளனர்.

இரண்டாவது ஒளியிழை. தொலைதூர இழைகளில் ஒளி செல்லும் கண்ணாடி நடுப்பகுதியின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர். தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியது. லேசர் ஒளித்துடிப்புகள் அதனுள் முழு அக எதிரொளிப்பினால் வெளியே கசியாமல் விரைகின்றன. மின்னிரைச்சல் ஒளியைத் தாக்குவதில்லை. கண்ணாடியில் ஒளி விரைவில் மங்கிவிடும் என்பதே தொடக்கத்தில் தடையாக இருந்தது. அம்மங்கல் கண்ணாடியின் இயல்பால் நேர்வதன்று. அதிலுள்ள மாசுகளால் நேர்வது என்று 1966இல் சார்லஸ் காவ் எடுத்துரைத்தார். தூய கண்ணாடி இழை உருவானபின் உலகத் தொடர்பே மாறியது. இப்பணிக்காக அவருக்கு 2009ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு வழங்கப்பட்டது.

மூன்றாவது வானலை. வைஃபை அணுகுமுனை, கைப்பேசிக் கோபுரம், செயற்கைக்கோள் ஆகியன இதனைப் பயன்படுத்துகின்றன. கம்பி தேவையில்லை என்பது இதன் நிறை. காற்று அனைவருக்கும் பொது என்பது இதன் குறை. அருகிலிருக்கும் எக்கருவியும் அவ்வலையைப் பெற இயலும். ஆதலின், வானலையில் செல்லும் செய்தியை உரியவர் தவிரப் பிறர் படிக்க இயலாதவாறு மறையாக்கம் செய்தல் இன்றியமையாதது. கடவுச்சொல் இல்லாத பொது வைஃபையில் வங்கிப் பணி போன்றவற்றைச் செய்தல் கூடாது எனக் கூறப்படுவதன் காரணமும் இதுவே.

ஹப்பும் சுவிட்சும்

மாணவியின் கணினியிலிருந்து புறப்பட்ட பொதி, ஆய்வகத்தின் பிற கணினிகளும் இணைந்துள்ள ஒரு நடுக்கருவியை அடைகிறது. நடுவில் ஒரு கருவியும் சுற்றிலும் கணினிகளும் அமைந்த இவ்வமைப்பு விண்மீன் வடிவ இணைப்பு எனப்படும். ஒரு கணினியின் வடம் பழுதானாலும் பிற கணினிகள் தடையின்றி இயங்கும் என்பதால் இவ்வடிவமே இன்று பரவலாக உள்ளது. ஆனால், நடுக்கருவி பழுதானால் அனைத்தும் நின்றுவிடும்.

முற்காலத்தில் நடுக்கருவியாக இருந்தது ஹப். ஒரு துளையில் வரும் குறிப்பை ஏனைய எல்லாத் துளைகளுக்கும் அப்படியே அனுப்புவதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. வகுப்பில் ஒருவருக்கு எழுதிய கடிதத்தை அனைவருக்கும் கேட்குமாறு உரக்கப் படிப்பதைப் போன்றது அதன் செயல். இதனால் இரு இடர்கள் நேர்ந்தன. ஒருவர் செய்தியைப் பிறர் அறிய இயன்றது. இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் குறிப்புகள் மோதிச் சிதைந்தன.

இம்மோதலுக்குத் தீர்வு தந்த கதையும் தீவுகளோடு தொடர்புடையது. ஹவாய்த் தீவுகளில் பரந்திருந்த பயனர்களை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கணினியோடு இணைக்க, நார்மன் ஆப்ராம்சன் தலைமையிலான குழு 1971இல் ‘அலோகாநெட்’ என்னும் வானொலி வலையமைப்பை இயக்கியது. அதன் விதி எளிது: அனுப்ப வேண்டியதை அனுப்புக, பெற்றதற்கான ஒப்புகை வரவில்லையெனில் மோதல் நேர்ந்தது எனக் கொள்க, சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்புக. அக்காத்திருப்பு நேரம் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாக, முன்கூட்டி அறிய இயலாததாக இருத்தல் வேண்டும். இல்லையேல் மீண்டும் மோதுவர். இதனைக் கற்ற ராபர்ட் மெட்காஃப், 1973இல் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஈதர்நெட் முறையை வகுத்தார். பேசுமுன் கேட்டல் வேண்டும், பிறர் பேசும்போது பொறுத்தல் வேண்டும் என்னும் பண்புகள் அதில் சேர்ந்தன.

இன்று ஹப்பின் இடத்தைச் சுவிட்ச் பெற்றுவிட்டது. அது தன்னிடம் வரும் பொதியின் அனுப்புநர் மேக் முகவரியைப் படித்து, ‘இம்முகவரி இத்துளையில் உள்ளது’ என ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பின்னர் அம்முகவரிக்குப் பொதி வந்தால், அதற்குரிய துளைக்கு மட்டுமே அனுப்புகிறது. அட்டவணையில் இல்லாத முகவரி வந்தால், பொதி வந்த துளை நீங்கலாக ஏனைய அனைத்துக்கும் அனுப்பிவிட்டு, மறுமொழி எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டு கற்றுக்கொள்கிறது. யாரும் சொல்லித்தராமலே, தன்னைக் கடந்து செல்வனவற்றைக் கவனித்தே அறிவு பெறும் கருவி சுவிட்ச்.

திசை காட்டும் திசைவி

ஆய்வகத்துக்குள் இருக்கும் கணினிகளை மட்டுமே சுவிட்ச் அறியும். சென்னை எங்கிருக்கிறது என அதற்குத் தெரியாது. வெளியூர் செல்லும் பொதியை அது திசைவியிடம் ஒப்படைக்கிறது. இரு வேறு வலையமைப்புகளின் எல்லையில் நின்று, பொதியை எத்திசையில் செலுத்துவது என முடிவு செய்யும் கருவியே திசைவி.

திசைவி பார்ப்பது ஐபி முகவரியை. மேக் முகவரி ஒருவரது பெயர் போன்றது. அதைக்கொண்டு அவர் எவ்வூரில் இருக்கிறார் என அறிய இயலாது. ஐபி முகவரி அஞ்சல் முகவரி போன்றது. அதில் இடம் அடங்கியிருக்கும். அந்தமானில் ஒருவர் 600 எனத் தொடங்கும் அஞ்சல் குறியீட்டு எண்ணோடு கடிதம் எழுதினால், அங்குள்ள அஞ்சல் ஊழியர் சென்னையின் தெருக்களை அறிந்திருக்க வேண்டியதில்லை. முதல் மூன்று எண்களைக்கொண்டு கடிதத்தைச் சென்னைப் பையில் சேர்த்தால் போதும். தெருவைத் தேடுவது சென்னை அஞ்சலகத்தின் பணி. திசைவியும் ஐபி முகவரியின் முற்பகுதியைத் தன் அட்டவணையோடு ஒப்பிட்டு, அடுத்து எந்தத் திசைவியிடம் தருவது என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. முழு வழியையும் அறிந்த திசைவி ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றும் ஓர் அடியை மட்டுமே அறியும். அந்த ஓரடிகள் சேர்ந்தே பெரும்பயணம் நிறைவேறுகிறது.

வழியில் பொதியின் ஐபி முகவரிகள் சேருமிடத்தைச் சுட்டியவாறே இருக்க, மேக் முகவரிகள் மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் மாறுகின்றன. கடிதம் ஒன்றே, அதைச் சுமக்கும் பை மட்டும் ஊருக்கு ஊர் மாறுவதைப் போன்றது இது.

தவறான அட்டவணையால் ஒரு பொதி இரு திசைவிகளுக்கிடையே முடிவின்றிச் சுழல நேரலாம். அதைத் தடுக்க, ஒவ்வொரு பொதியிலும் ஓர் ஆயுள் எண் எழுதப்படுகிறது. ஒவ்வொரு திசைவியைக் கடக்கும்போதும் அவ்வெண் ஒன்று குறையும். சுழியத்தை அடைந்தால் பொதி கைவிடப்படும்.

தொடக்கத்தில் வகுக்கப்பட்ட ஐபி முகவரி 32 பிட் நீளமுடையது. அதில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே அமையும். கைப்பேசிகள் பெருகியபின் அவை போதவில்லை. மண்டலங்களுக்குப் பிரித்தளிப்பதற்கான உலகப் பொது இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. 128 பிட் நீளமுள்ள புதிய முகவரி முறை இப்போது பரவி வருகிறது.

தெரிந்து தெளிவோம்

இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பில் முதல் செய்தி 1969 அக்டோபர் 29 அன்று இரவு, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. அனுப்ப எண்ணிய சொல் ‘லாகின்’. அதன் முதல் இரண்டு எழுத்துகள் சென்று சேர்ந்தவுடன் எதிர்முனைக் கணினி செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பின்னரே முழுச்சொல் சென்றடைந்தது. இரு கணினிகளுக்கும் முன்னால் நின்று பொதிகளைக் கையாண்ட சிறு கணினிகளே இன்றைய திசைவிகளின் மூதாதையர். இந்தியாவில் 1986இல் எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு தொடங்கப்பட்டது; சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அதில் பங்குபெற்றது. பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது.

கடலுக்கு அடியில்

பள்ளியின் திசைவியிலிருந்து வெளியேறிய மின்குறிப்புகள், மோடம் வகையைச் சேர்ந்த கருவியால் ஒளித்துடிப்புகளாக மாற்றப்பட்டு, நகரின் இழைகள் வழியே கடற்கரையிலுள்ள வட நிலையத்தை அடைகின்றன. அங்கிருந்து கடல்.

ஆழ்கடலில் கிடக்கும் வடம் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயின் பருமனையே உடையது. அதன் நடுவில் மயிரிழை போன்ற கண்ணாடி இழைகள். சுற்றிலும் எஃகுக் கம்பிகள், செம்பு உறை, நெகிழிக் காப்பு. கரையருகே நங்கூரங்களாலும் மீன்பிடி வலைகளாலும் சேதம் நேரக்கூடும் என்பதால், அங்கு மட்டும் கூடுதல் எஃகுக் கவசம் இடப்படுகிறது. தூய கண்ணாடியிலும் ஒளி சிறிது சிறிதாக மங்கும். ஆதலால், நெடுந்தொலைவுக் கடலடி வடங்களில் குறிப்பிட்ட இடைவெளிகளில் ஒளிப்பெருக்கிகள் பொருத்தப்படுகின்றன. அவற்றுக்கான மின்சாரம் கரையிலிருந்து அதே வடத்தின் செம்பு உறை வழியாகவே அனுப்பப்படுகிறது.

செயற்கைக்கோள் இருக்கக் கடலடி வடம் எதற்கு என்னும் வினா எழலாம். விடை கணக்கில் இருக்கிறது. புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. செய்தி மேலே சென்று கீழே வர 72,000 கிலோமீட்டர். விநாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும் 0.24 விநாடி ஆகும். மறுமொழி வந்துசேர மேலும் அதே அளவு. ஆக ஏறத்தாழ அரை விநாடி. உரையாடலில் இத்தாமதம் இருவரையும் ஒரே நேரத்தில் பேசத் தூண்டிக் குழப்பும். கண்ணாடியில் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் மட்டுமே. ஆயினும் கடக்க வேண்டிய தொலைவு குறைவு. 1,360 கிலோமீட்டரைக் கடக்க 0.007 விநாடி போதும்.

காலத்தாழ்வு ஓர் அளவு. கொள்திறன் மற்றோர் அளவு. சாலையின் நீளத்தைப் போன்றது முன்னது. அகலத்தைப் போன்றது பின்னது. திறக்கப்பட்டபோது, சென்னை – போர்ட் பிளேர் வடத்தின் கொள்திறன் விநாடிக்கு 400 கிகாபிட் என அறிவிக்கப்பட்டது. மாணவியின் நிழற்படத்தைப் போன்ற 16,000 படங்களுக்கு மேல் ஒரு விநாடியில் எடுத்துச்செல்லும் அளவு அது. செயற்கைக்கோள் இணைப்பையே தீவுகள் முழுமையும் நம்பியிருந்த நிலையில், இணையவழிக் கல்வியும் தொலைமருத்துவமும் அங்கு எளிதாக இருக்கவில்லை. வடம் அந்நிலையை மாற்ற வழி திறந்தது.

அறுபடும்போது

மாணவியின் 2,000 பொதிகளும் சென்னையை அடைந்தனவா? உறுதி கூற இயலாது. வழியிலுள்ள திசைவி ஒன்றில் நெரிசல் மிகுந்தால் சில பொதிகள் கைவிடப்படும். கைவிட்டதை அத்திசைவி பெரும்பாலும் அறிவிப்பதுமில்லை. பொதிகளைச் சுமப்பவை ‘இயன்றவரை முயல்வோம்’ என்று மட்டுமே வாக்களிக்கின்றன.

ஆயினும் தோழியின் திரையில் படம் முழுமையாகவே தோன்றுகிறது. அதற்குக் காரணம் இரு முனைகளிலும் உள்ள கணினிகள் கடைப்பிடிக்கும் நெறிமுறை. பெறும் கணினி வரிசை எண்களைச் சரிபார்த்து, வந்தவற்றுக்கு ஒப்புகை அனுப்புகிறது. ஒப்புகை வராத பொதியை அனுப்பும் கணினி மீண்டும் அனுப்புகிறது. வரிசை மாறி வந்தவை ஒழுங்குபடுத்தப்படுகின்றன. வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் இம்முறையின் அடிப்படையை வகுத்தனர். அதிலிருந்து வளர்ந்த டிசிபி, ஐபி என்னும் நெறிமுறைகளுக்கு 1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் முழுமையாக மாறியது. நம்பத்தகாத பகுதிகளைக்கொண்டு நம்பத்தக்க முழுமையை உருவாக்கலாம் என்பதே அவர்கள் காட்டிய வழி.

எனினும், நெறிமுறையால் மட்டும் எல்லா இழப்பையும் ஈடுசெய்ய இயலாது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே மத்தியதரைக் கடலில் இரு கடலடி வடங்கள் அறுந்தன. எகிப்திலும் வளைகுடா நாடுகளிலும் இந்தியாவிலும் இணையம் பெரிதும் தளர்ந்தது. ஆனால், முற்றிலும் நின்றுவிடவில்லை. மேற்கே செல்ல வேண்டிய பொதிகள் பல, கிழக்கு நோக்கிச் சென்று பசிபிக் பெருங்கடலைக் கடந்து, நீண்ட வழியில் சேருமிடம் அடைந்தன. மாற்று வழி இருந்தமையால் திசைவிகள் அதைத் தேர்ந்தன. மாற்று வழியே இல்லாத இடத்தில் எவ்வளவு திறன்மிக்க திசைவியும் செயலற்று நிற்கும்.

வலையமைப்பைப் பற்றிய மிக முதன்மையான உண்மை இதுவே. ஒற்றை நூலில் தொங்குவது வலை ஆகாது. ஒரு கண்ணி அறுந்தாலும் மீன் நழுவாதிருப்பதே வலைக்கு இலக்கணம். ஆகவேதான் வங்கிகளும் மருத்துவமனைகளும் இரு வேறு இணைப்புகளைப் பேணுகின்றன. தீவுகளுக்கும் மலையூர்களுக்கும் வடம் வந்தபின்னும், செயற்கைக்கோள், வானொலி போன்ற மாற்று வழிகள் கைவிடத்தக்கன அல்ல. 2004இல் எல்லாம் அற்றுப்போன நேரத்தில் கைகொடுத்தது ஒரு சிறு வானொலிப் பெட்டியே என்பதை மறத்தல் ஆகாது.

நிழற்படம் சென்று சேர்ந்தது

சென்னைக் கரையின் வட நிலையத்தில் ஒளித்துடிப்புகள் வெளிவருகின்றன. நகரத்தின் திசைவிகள் முகவரியின் பிற்பகுதியைப் பார்த்து அவற்றை உரிய தெருவுக்குச் செலுத்துகின்றன. தோழியின் வீட்டு வைஃபை அவற்றை வானலையாக மாற்றுகிறது. கைப்பேசியின் வலையமைப்பு உறுப்பு அவ்வலையை எண்களாக்குகிறது. விடுபட்ட இரண்டொரு பொதிகள் கேட்டுப் பெறப்படுகின்றன. துண்டுகள் வரிசையாகச் சேர, பவளப்பாறை திரையில் மலர்கிறது.

இவ்வளவும் நிகழ ஆகும் காலம் சில விநாடிகளே. அதற்குள் அப்படத்தைக் கையில் வாங்கிய கருவிகள் பல. அவற்றுள் ஒன்றுகூட அது பவளப்பாறையின் படம் என அறியவில்லை. முழு வழியையும் அறியவில்லை. தன்னிடம் வந்ததைப் பிழையின்றி அடுத்ததிடம் சேர்த்தல் என்னும் சிறு கடமையை ஒவ்வொன்றும் செய்தது. அச்சிறு கடமைகளின் தொகுப்பே கடலைக் கடந்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் கணினி ஆய்வகத்தில் உள்ள வலையமைப்பு உறுப்புகளைப் பார்வையிட்டு, அவை இணைக்கப்பட்டுள்ள முறையைப் படமாக வரைக.

2. அந்தமானுக்கான தொடர்பில் செயற்கைக்கோள் வழி, கடலடி வட வழி ஆகியவற்றின் நிறைகுறைகளைக் காலத்தாழ்வு, கொள்திறன், பழுதுநீக்கம் ஆகிய மூன்றின் அடிப்படையில் ஒப்பிட்டு எழுதுக.

3. ‘முறிவை எதிர்பார்த்துக் கட்டப்பட்டதே வலையமைப்பின் வலிமை’ – இக்கூற்று குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.